கணிப்பொறிகளின் கணக்கெடுப்பு

ஆரணியில் நூல் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பருத்தி நூலை நம்பர் சொல்லி விற்பார்கள். பட்டு நூலை டெனியர் சொல்லி விற்பார்கள். பருத்தியில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பட்டிலோ டெனியர் ஏற ஏற நூல் தடிக்கும். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பது நம்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் நிற்கும் என்பது டெனியர். முன்னது எடையை நிலையாக நிறுத்தி நீளத்தை அளக்கிறது. பின்னது நீளத்தை நிலையாக நிறுத்தி எடையை அளக்கிறது. ஆகவே 100-ஆம் நம்பர் பருத்தி நூலை டெனியரில் சொன்னால் ஏறத்தாழ 53 என்று வரும். இந்த விவரம் அறியாதவர் 100 என்ற எண்ணையும் 53 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது தடித்த நூல் என்று தீர்ப்புச் சொன்னால் அத்தீர்ப்பு என்னவாகும்? இரண்டும் ஒரே தடிப்புள்ள நூல் என்பதே அவருக்குத் தெரிந்திராது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நூலைப் பற்றியது அன்று, கணிப்பொறியைப் பற்றியது. எனினும் தொல்லை ஒரே தொல்லைதான். கணிப்பொறி வேலை செய்துகொண்டிருக்கும்போது தன்னைப் பற்றிய கணக்குகள் பலவற்றைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது. செயலி எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது; நினைவகத்தில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு மிச்சம்; வட்டில் எத்தனை முறை படித்தது, எழுதியது; இணையத் தொடர்பின் வழியே எத்தனை பைட்டுகள் வந்தன, போயின; இக்கணத்தில் எத்தனை நிரல்கள் ஓடுகின்றன என்பன அக்கணக்குகள். வங்கியிலும் மருத்துவமனையிலும் ரயில் நிலையத்திலும் இயங்கும் பொறிகள் திடீரென்று நின்றுவிடாமல் காப்போர் இவற்றை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பொறிக்குப் பொறி இயங்குதளம் வேறு. விண்டோஸ் ஒரு விதமாகக் கணக்கு வைக்கிறது, லினக்ஸ் வேறு விதமாக, ஆப்பிள் நிறுவனத்தின் மேக் இன்னொரு விதமாக. எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே விதமான விடையைப் பெற்றுத் தரும் மென்பொருள் நூலகம் ஒன்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதே நம் விசாரணை. நூலகம் என்றதும் புத்தக அலமாரி நினைவுக்கு வர வேண்டாம். பலருடைய நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆயத்தமாக எழுதி வைக்கப்பட்ட நிரற்பகுதிகளின் தொகுதிக்கு அப்பெயர்.

முதலில் ஒவ்வொரு தளமும் தன் கணக்கை எங்கே வைத்திருக்கிறது என்று பார்ப்போம். லினக்ஸில் ‘ப்ராக்’ என்றொரு கோப்புறை உண்டு. அதற்குள் கோப்புகள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அவை வட்டில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாராவது திறந்து படிக்கும் அந்தக் கணத்தில் இயங்குதளத்தின் கருவாகிய கர்னல் விடையை எழுதி நீட்டுகிறது. அதிகாரி வந்து கேட்ட பிறகே எழுதப்படும் பதிவேடுகள் பள்ளிக்கூடங்களிலும் உண்டு. ஆனால் அவற்றைவிட இது நம்பத்தக்கது. ஓடும் நிரல்களைக் கோப்புகளாகக் காட்டலாம் என்னும் இந்த அழகிய கருத்து லினக்ஸுக்கு முந்தியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் கில்லியன் 1984-இல் யூனிக்ஸுக்காக இதனை விவரித்து எழுதினார். ஃப்ரீபிஎஸ்டி, மேக் ஆகிய தளங்களில் கோப்பைத் திறப்பதற்குப் பதிலாக, ‘சிஸ்-கண்ட்ரோல்’ என்று படிக்கப்படும் அழைப்பின் வாயிலாகக் கேட்கவேண்டும். மேக்கில் சில விவரங்களுக்கு அதன் அடித்தளமான மாக் கருவையே நேராக அணுகவேண்டும். சோலாரிஸில் ‘கேஸ்டாட்’ என்பது வாயில். விண்டோஸில் ஒவ்வொரு விவரத்திற்கும் தனித்தனி அழைப்புகள். அவற்றுட் சில முறையாக வெளியிடப்பட்டவை, சில அரைகுறையாக மட்டுமே விளக்கப்பட்டவை.

இந்த நிலையில் இரண்டு தளங்களுக்கு ஒரே நிரல் எழுத விரும்புகிறவன் என்ன செய்வான்? பெரும்பாலோர் செய்தது, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிரலைத் தனித்தனியே எழுதியதுதான். இதற்கு மாற்றுவழி காட்டிய பழைய எடுத்துக்காட்டு ‘டாப்’ என்னும் சிறு கருவி. வில்லியம் லெஃபெவர் 1984-இல் எழுதியது இது. எந்த நிரல் செயலியை மிகுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வரிசைப்படுத்தித் திரையில் காட்டும். அதன் அமைப்பில் ஒரு விவேகம் இருந்தது. வரிசைப்படுத்துவது, திரையில் எழுதுவது, விசைகளுக்கு விடை சொல்வது முதலிய பொதுவான வேலைகள் ஒரு பக்கம். பொறியிடம் கேட்டு வாங்கும் வேலை மட்டும் இன்னொரு பக்கம், தனிக் கோப்பில். புதிய பொறி வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் அதற்கேற்ப எழுதிச் சேர்த்தால் போதும். இப்பிரிவினைதான் பின்னால் வந்த எல்லா நூலகங்களுக்கும் அடிக்கல் எனலாம்.

அடுத்த படி, இந்தக் கேட்டு வாங்கும் பகுதியை மட்டும் தனியே எடுத்து, யாரும் பயன்படுத்தும்படி நூலகமாக்கியது. இங்கிலாந்தில் காண்டர்பரி நகரிலுள்ள கென்ட் பல்கலைக்கழக மாணவர்கள் ‘ஐ-ஸ்க்ரீம்’ என்ற பெயரில் பொறிகளைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றை மேற்கொண்டனர். அதிலிருந்து 2000-ஐ அடுத்த சில ஆண்டுகளில் ‘லிப்ஸ்டாட்கிராப்’ என்னும் நூலகம் பிறந்தது. சி மொழியில் எழுதப்பட்டது. லினக்ஸ், பிஎஸ்டி வகைகள், சோலாரிஸ் முதலிய பலவற்றில் ஓடக்கூடியது. மாணவர்களின் முயற்சி என்பதை நான் இங்கே வேண்டுமென்றே சொல்கிறேன். இன்று மிகப் பரவலாக வழங்குவது, பைத்தான் மொழிக்காக எழுதப்பட்ட ‘பிஎஸ்யுடில்’ என்ற நூலகம். இத்தாலியரான ஜியாம்பவோலோ ரொடோலா என்பவர் 2009-இல் இதன் முதற்பதிப்பை வெளியிட்டார். லினக்ஸ், விண்டோஸ், மேக், மூன்று வகை பிஎஸ்டி, சோலாரிஸ், ஏஐஎக்ஸ் ஆகிய தளங்களில் இது ஓடுகிறது. இதன் உள்ளே பார்த்தால் டாப் கருவியின் பிரிவினையே தெரியும். வெளியில் ஒரே முகம். உள்ளே தளத்துக்கு ஒரு கோப்பு. அவற்றின் அடியில், பைத்தான் எட்ட முடியாத இடங்களுக்குச் சி மொழியில் எழுதிய மெல்லிய அடுக்கு.

இவ்வளவுதான் என்றால் இது பொறுமையாக உழைக்கும் எவரும் முடித்துவிடக்கூடிய வேலை. மெய்யான சங்கடம், கதவைத் திறந்த பிறகு தொடங்குகிறது. உள்ளேயிருந்து கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் என்ன என்பதே அது.

செயலியின் உழைப்பை எடுத்துக்கொள்வோம். ‘செயலி இப்போது எத்தனை சதவீதம் உழைக்கிறது?’ என்று கேட்கிறோம். எந்த இயங்குதளமும் அந்தச் சதவீதத்தை நேரடியாக வைத்திருப்பதில்லை. வீட்டு மின்சார மீட்டரைப்போல், பொறி உயிர்பெற்ற நாழிகையிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் எண்ணைத்தான் வைத்திருக்கிறது. மீட்டரை ஒருமுறை பார்த்து மட்டும் இந்த மாதம் எவ்வளவு செலவாயிற்று என்று சொல்ல முடியுமா? சென்ற முறை குறித்த எண் வேண்டும். அதைக் கழிக்கவேண்டும். லினக்ஸில் இந்தக் கணக்கு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டது. ஒற்றைச் செயலியுள்ள பொறி ஒன்றில் முதல் வாசிப்பில் மொத்தம் 1,20,000 அலகு, அதில் சும்மா இருந்தது 90,000 அலகு என்று வைத்துக்கொள்வோம். பத்து விநாடி கழித்து மொத்தம் 1,21,000. சும்மா இருந்தது 90,250. இடையில் கழிந்த 1,000 அலகில் 250 சும்மா போயிற்று, 750 உழைப்பு. ஆகவே விடை 75 சதவீதம். ஆனால் இரண்டாவது வாசிப்பை மட்டும் எடுத்து, 1,21,000-இல் உழைத்தது 30,750 என்று கணக்கிட்டால் 25 சதவீதம்தான் வரும். அது பொறி தொடங்கியது முதல் இருந்த சராசரி. இப்போதைய நிலை அன்று. திணறிக்கொண்டிருக்கும் பொறியை ஓய்வாக இருக்கிறது என்று சொல்லிவிடும் கணக்கு அது. இதனால்தான் பிஎஸ்யுடில் நூலகத்தில் இக்கேள்வியை முதன்முறை கேட்கும்போது பூச்சியம் என்று விடை வரும். அதனைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அதன் கையேடே சொல்கிறது. ஒப்பிட முந்தைய வாசிப்பு இல்லை அன்றோ?

மீட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. இலக்கங்கள் தீர்ந்தால் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். 32 பிட்டுகளில் எண்ணும் எண்ணி 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-ஐ எட்டியதும் பூச்சியமாகிவிடும். பெரிய எண்தானே என்று எண்ண வேண்டாம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் தடையின்றித் தரவு ஓடினால் ஆறு நிமிஷங்களுக்குள் இந்த எண்ணி ஒரு சுற்று முடித்துவிடும். இதை எதிர்பாராத நிரல், பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, பொறி எதிர்மறையான பைட்டுகளைப் பெற்றது என்று கணக்கெழுதும். நல்ல நூலகம் எண் குறைந்ததைக் கண்டவுடன் சுற்று முடிந்ததை உணர்ந்து சரிசெய்கிறது.

நினைவகக் கணக்கு இதனினும் நுட்பமானது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விளக்குகிறேன். என் பழைய மாணவர் ஒருவர் ஆரணியில் சேலைக் கரைகளுக்கும் முந்தானைகளுக்கும் கணிப்பொறியில் வடிவம் வரைந்து, மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறிகளுக்கு அனுப்பும் தொழில் நடத்துகிறார். வரைவது விண்டோஸ் பொறியில். வரைந்த கோப்புகளைச் சேமித்து வைத்திருந்தது பழைய மடிக்கணினி ஒன்றில். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்று அது. அவற்றில் விண்டோஸுடன், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இவர் லினக்ஸையே ஓட்டிவந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்திய வாரத்தில் இரண்டு பொறிகளும் நத்தையாயின. வடிவம் வராவிட்டால் தறி நிற்கும். நெய்பவருக்குச் சேலைக்குத்தான் கூலி, நாளுக்கு அன்று. பொறி பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து பார்த்து, நினைவகம் நிரம்பிவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போனார். அதற்கான பணத்தைக் கடன் வாங்க என் மாணவர் ஆயத்தமாகிவிட்டார்.

அவர் மகள் பொறியியற் கல்லூரியில் படிக்கிறாள். பிஎஸ்யுடில் நூலகத்தைக் கொண்டு இருபது வரியில் ஒரு நிரல் எழுதி, அதே நிரலை இரண்டு பொறிகளிலும் ஓடவிட்டாள். விடைகளைத் தாளில் எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். “ஐயா, ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு கதை சொல்கிறது, எதை நம்புவது?” என்று கேட்டாள். தாளைப் பார்த்தேன். மடிக்கணினியில் நினைவகம் 2 ஜிபி. ‘வெறுமையாக உள்ளது’ என்ற வரியில் 90 எம்பி. ‘கிடைக்கக்கூடியது’ என்ற வரியில் 1,300 எம்பி.

இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வேறுபாடே விஷயத்தின் சாரம். வெறுமையாகக் கிடக்கும் நினைவகத்தால் யாருக்கும் பயனில்லை என்பது லினக்ஸின் கொள்கை. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, மறுபடி கேட்பார்கள் என்ற எண்ணத்தில், நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் அந்தப் பிரதியை அக்கணமே துடைத்து இடங்கொடுக்கும். திண்ணை நிறைய நெல் மூட்டை இருப்பதனால் விருந்தினருக்கு இடமில்லை என்று ஆகுமா? மூட்டையை உள்ளே தள்ளினால் போகிறது. ஆகவே ‘வெறுமை’ சிறிதாக இருப்பது நோயின் அறிகுறி ஆகாது. ‘கிடைக்கக்கூடியது’ சிறிதானால்தான் அஞ்சவேண்டும். இந்த இரண்டாவது எண்ணை லினக்ஸ் நெடுங்காலம் தானாகச் சொல்லவில்லை. பயன்படுத்துவோர் வெறுமையையும் பிரதிகளின் அளவையும் கூட்டித் தாமே கணக்கிட்டனர். அக்கணக்கு பிழைபட்டது, ஏனெனில் பிரதி என்று எண்ணப்படுவதில் எல்லாமே துடைக்கத்தக்கவை அல்ல, துடைக்கத்தக்கவை வேறிடங்களிலும் உண்டு. 2014-இல் வெளிவந்த 3.14 என்ற கர்னல் பதிப்பில்தான் இதற்கெனத் தனி வரி சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய கர்னல் உள்ள பொறிகளில் நூலகமே தோராயமாகக் கணக்கிட்டுத் தருகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் கணக்கு முறை வேறு. எனவே நூலகத்தின் ஆசிரியர்கள், எல்லாத் தளங்களிலும் நம்பத்தக்கவை ‘மொத்தம்’, ‘கிடைக்கக்கூடியது’ ஆகிய இரண்டே என்று முடிவு செய்து, மற்ற வரிகள் தளத்துக்குத் தளம் மாறும் என்று அறிவித்தார்கள். நினைவகம் நிரம்பியது என்ற தீர்ப்பு, அந்த இரண்டாவது வரியைப் பாராததனால் வந்தது.

அப்படியானால் தாமதம் எதனால்? தாளில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. மடிக்கணினியில் செயலியின் உழைப்பு மிகக் குறைவு. ஆனால் ‘சுமைச் சராசரி’ 4. விண்டோஸ் பொறியில் செயலியின் உழைப்பும் குறைவு. சுமைச் சராசரியும் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது. அந்தப் பெண் குழம்பியது இங்கேதான். வேலையே இல்லாத பொறியில் சுமை 4 எப்படி வரும்?

சுமைச் சராசரி என்பது, செயலிக்காகக் காத்து நிற்கும் நிரல்களும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் சராசரியாக எத்தனை என்னும் எண். 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்திலேயே இது வழக்கில் இருந்தது. ஆனால் லினக்ஸில் 1993-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். செயலிக்குக் காத்திருப்போரை மட்டுமன்றி, வட்டு முதலியவற்றின் விடைக்காக அசையாமல் காத்திருப்போரையும் சேர்த்து எண்ணத் தொடங்கினார்கள். பொறி முழுவதன் நெருக்கடியையும் அந்த எண் காட்டவேண்டும் என்பது கருத்து. பிற யூனிக்ஸ் வகைகள் பெரும்பாலும் பழைய பொருளிலேயே நின்றன. விண்டோஸிலோ சுமைச் சராசரி என்ற ஒன்றே கிடையாது. பிஎஸ்யுடில் 2019-இல் வெளியிட்ட 5.6.2-ஆம் பதிப்பில், விண்டோஸின் செயலி வரிசையின் நீளத்தை ஐந்து விநாடிக்கு ஒருமுறை பார்த்து, அதிலிருந்து அப்படி ஓர் எண்ணை உண்டாக்கித் தருகிறது. அவ்வரிசையில் நிற்பவை செயலிக்குக் காத்திருப்பவை மட்டுமே. வட்டுக்காகக் காத்திருப்பவை அதில் வாரா. ஆகவே பெயர் ஒன்று, கேள்வி ஒன்று. விடைகளின் பொருள் இரண்டு. மடிக்கணினியின் வட்டு பழுதாகி ஒவ்வொரு கோப்பையும் திரும்பத் திரும்பப் படித்துத் திணறிக்கொண்டிருந்தது. அதை நம்பி விண்டோஸ் பொறியும் காத்துக்கிடந்தது. லினக்ஸ் அதை 4 என்ற எண்ணாகச் சொல்லிற்று. விண்டோஸ் வாய் திறக்கவில்லை. லினக்ஸ் தரும் செயலிக் கணக்கில் ‘வட்டுக்காகக் காத்த நேரம்’ என்று தனி வரி உண்டு. அதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அன்று மாலையே கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு வட்டை மட்டும் மாற்றினார்கள். கடன் வாங்கும் பேச்சும் அதோடு நின்றது.

அந்த ‘வட்டுக்காகக் காத்த நேரம்’ என்ற வரி விண்டோஸில் இல்லை. இல்லாத எண்ணுக்கு நூலகம் என்ன விடை தரவேண்டும்? பூச்சியம் என்று தருவது எளிது; எல்லாத் தளங்களிலும் அட்டவணை ஒரே மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அது பொய். மதிப்பெண் பதிவேட்டில் தேர்வுக்கு வராத மாணவனுக்கு நாம் பூச்சியம் போடுவதில்லை. ‘வரவில்லை’ என்று எழுதுகிறோம். பூச்சியம் வாங்கியவன் வேறு, எழுதாதவன் வேறு. பிஎஸ்யுடில் இதில் நேர்மையான வழியைக் கொண்டது: அந்தத் தளத்தில் இல்லாத வரி விடையிலும் இல்லை. கேட்கிற நிரல்தான் முதலில் வரி உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிது சிரமந்தான். அந்தச் சிரமம் தேவையானது என்பது என் கருத்து.

ஓடும் நிரல்களை எண்ணுவதற்கு வருவோம். ஆசிரியராக இருந்தவர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணி புதிதன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்றோம். ஆயினும் கணக்கு எந்த நேரத்தைக் குறிப்பது என்றால், மார்ச்சு 1-ஆம் நாள் பிறக்கும் நள்ளிரவை. எண்ணி முடித்த வீட்டில் இடையில் குழந்தை பிறந்திருக்கலாம், முதியவர் இறந்திருக்கலாம்; ஆகவே மார்ச்சு முதல் ஐந்து நாட்களில் மறுபடி சென்று திருத்தினோம். குடும்பம் என்பது யாது என்பதற்கும் முன்கூட்டியே இலக்கணம் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள்: ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பம். நூலகமோ ஓடும் நிரல்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சென்று விவரம் கேட்கும்போது, நள்ளிரவு என்று ஒரு கணத்தை நிறுத்த முடியாது. பட்டியலில் இருந்த நிரல், கதவைத் தட்டும்போது முடிந்து போயிருக்கும். இன்னொன்று ‘உனக்குச் சொல்ல எனக்கு அனுமதியில்லை’ என்னும். ஆகவே இந்த இரண்டு விடைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, எல்லாத் தளங்களிலும் ஒரே விதமாக அறிவிப்பது நூலகத்தின் கடமைகளுள் ஒன்று.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் ஓர் எண் கொடுக்கிறது. அது நம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசை எண் போன்றது. பள்ளிச் சேர்க்கை எண் போன்றது அன்று. இவ்வாண்டு 17-ஆம் எண் ஒருவனுக்கு, அடுத்த ஆண்டு வேறொருவனுக்கு. லினக்ஸில் நெடுங்காலம் இந்த எண்கள் 32,768-ஐத் தாண்டாமல், தீர்ந்ததும் முதலிலிருந்து சுற்றி வந்தன. 17-ஆம் எண் நிரலை நிறுத்து என்று சொல்ல நினைக்கிறோம். நினைப்பதற்கும் சொல்வதற்கும் இடையில் பழைய 17 முடிந்து, புதிய நிரல் ஒன்று அவ்வெண்ணைப் பெற்றிருந்தால் குற்றமற்ற நிரல் அழியும். எனவே பிஎஸ்யுடில் எண்ணோடு அந்நிரல் பிறந்த நேரத்தையும் சேர்த்து நினைவில் வைக்கிறது. எண்ணும் பிறந்த நேரமும் ஒத்திருந்தால்தான் அதே ஆள் என்று ஏற்கிறது.

பிறந்த நேரம் என்றவுடன் இன்னொரு வேற்றுமை தலைகாட்டுகிறது. யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த தளங்கள் 1970 சனவரி முதல் தேதியிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. விண்டோஸ் 1601 சனவரி முதல் தேதியிலிருந்து, விநாடியில் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணுகிறது. 1601 என்பது கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுற்று ஒன்றின் தொடக்கம். கொல்லம் ஆண்டும் சாலிவாகன சகமும் திருவள்ளுவர் ஆண்டும் பஞ்சாங்கத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும்போது நாம் கூட்டிக் கழித்துக்கொள்வதுபோல நூலகமும் செய்கிறது. எவ்வளவு கழிக்கவேண்டும் என்று மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இடைப்பட்டவை 369 ஆண்டுகள்; அவற்றுள் நெட்டாண்டுகள் 89, ஏனெனில் 1700, 1800, 1900 மூன்றும் நெட்டாண்டுகள் ஆகா. மொத்தம் 1,34,774 நாட்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடியாகப் பெருக்கினால் 1164 கோடியே 44 லட்சத்து 73 ஆயிரத்து 600 விநாடிகள். இவ்வெண்ணை அப்படியே நிரல்களுக்குள் எழுதியிருப்பதைக் காணலாம்.

இவ்வகை நூலகத்தைச் சோதிப்பதும் எளிதன்று. சாதாரண நிரலுக்கு ‘இரண்டும் இரண்டும் நான்கு’ என்று சரியான விடை முன்பே தெரியும். இங்கோ சரியான விடை கணத்துக்குக் கணம் மாறுகிறது. ஆகவே நூலகம் தரும் விடையை, அத்தளத்தோடு வரும் கருவி தரும் விடையுடன் ஒப்பிட்டு, சிறிது வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டால் பிழை என்று கொள்கிறார்கள். இதை எட்டுத் தளங்களிலும் செய்யவேண்டும். மேலும், அளப்பதற்கும் செலவு உண்டு என்பதை மறக்கக்கூடாது. விநாடிக்கு நூறு முறை பொறியை விசாரித்தால், விசாரணையே பொறியின் பெருஞ்சுமையாகி, அந்தச் சுமையையே நாம் அளந்துகொண்டிருப்போம். செயலியின் சதவீதத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்த இடைவெளியில் கேட்கவேண்டாம் என்று கையேடு சொல்கிறது.

கல்லூரியிலோ வீட்டிலோ பைத்தான் உள்ள பொறி கிடைத்தால், மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். செயலியின் நேரக் கணக்கை ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்து விநாடி கழித்து மறுபடி கேளுங்கள். வித்தியாசங்களைக் கூட்டினால், செயலியின் உட்கருக்கள் எத்தனையோ அத்தனை பத்து விநாடிகள் ஏறத்தாழ வரவேண்டும். நான்கு உட்கரு இருந்தால் நாற்பது. அடுத்து, பெரிய கோப்பு ஒன்றைப் படித்துவிட்டு, நினைவகத்தில் ‘வெறுமை’ எவ்வளவு குறைந்தது, ‘கிடைக்கக்கூடியது’ எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். லினக்ஸில் முன்னது சட்டென்று சரியும். பின்னது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு தளங்களும் உள்ள பொறியானால், அதே நிரலை மற்றதிலும் ஓடவிட்டு, விடையில் எந்தெந்த வரிகள் காணாமற்போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.